குடிக்கூலி வீடும் துரைத்தனத்தார் கடமையும்

உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இடமும் மனிதருக்கு இன்றியமையாதன என்பதை மறுப்பார் ஒருவருமிலர். 1876-ஆம் வருஷத்தில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. இக்காலத்தில் நியாய விலைக் கடைகளில் அரிசி கொடுப்பதும், பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுப்பதும் வழக்கமாய்விட்டன. மூன்றாவதாகிய இருப்பிடத்தைப் பற்றி மாத்திரம் நம்மவரிடையே ஓர் ஐயம் நீங்காமல் இருந்துவருகின்றது. "சொந்த வீடு கட்டிக்கொள்பவனுக்குச் சர்க்கார் உதவி செய்வது சரி, குடிக்கூலிக்கு இருப்பவனுக்காக ஏன் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும்?" என்பதே அது. நம் அங்கத்தினரில் வீடுகளை வாடகைக்கு விடுபவரும் உளர். வாடகைக்கு இருப்பவர் அவரினும் பலர். ஆதலால் இரு சாராரையும் மனத்திற்கொண்டு, இவ்விஷயத்தில் சரித்திரம் யாது கூறுகின்றது என்பதை இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

எமது துணிபை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். எளியோர்க்கான வாடகை வீடுகளுக்குத் துரைத்தனத்தார் பணம் செலவிடுதல் தகும். ஆனால் கட்டிய வீட்டைச் சில வருஷங்களில் விற்றுக் கைகழுவாமல், என்றும் வாடகை வீடாகவே வைத்துப் பேணும் உறுதி அவர்களுக்கு இருத்தல் வேண்டும். அவ்வுறுதியின்றிச் செலவிடும் பணம் ஒரு தலைமுறைக்கு மேல் பயன்படுவதில்லை.

புதூரும், அதனைச் சூழ்ந்த நாகலாபுரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பகுதிகளும் வானம் பார்த்த கரிசற் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும், கம்பும், சோளமும், உளுந்தும், மல்லியும், மிளகாயும் பயிரிடுபவர் நாம். இக்கிராமங்களில் முற்காலத்தில் குடிக்கூலி என்ற பேச்சே அரிது. மிக ஏழையானவனும் நத்தத்தில் மண்சுவர் எடுத்து, ஓலையோ ஓடோ வேய்ந்து, அதைத் தன் வீடென்று சொல்லிக்கொள்வான். வாடகை என்றால் வண்டி வாடகை, கடை வாடகை என்றே பொருள்பட்டது.

இந்நிலையைப் பருத்தி மாற்றிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தால் நம் பஞ்சுக்கு விலை ஏறிற்று. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்து, கோவில்பட்டி அதன்கண் ஒரு ஸ்டேஷனாயிற்று. 1901-ல் அவ்வூரில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. அரைவை ஆலைகளும், பஞ்சாலைகளும், பின்னர்த் தீப்பெட்டித் தொழிற்சாலைகளும் எழுந்தன. மழை பொய்த்த கிராமத்துக் குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவ்வாறு போனவர்க்கு முதல்நாள் வேண்டியது சொந்த வீடன்று. மறுநாள் வேலைக்குப் போகும் தூரத்தில், மாதக் கூலியில் அடங்கும் வாடகைக்கு ஒரு கூரையே வேண்டியிருந்தது. இன்றும் அதுவே வேண்டியிருக்கின்றது. அக்கூரை கிடையாமையால், தொழிற்சாலை வண்டிகள் விடியுமுன் ஊர்தோறும் வந்து பெண்மக்களை ஏற்றிச் சென்று, விளக்கு வைத்த பின் கொண்டுவந்து விடும் வழக்கம் நம் பக்கத்தில் ஏற்பட்டதை யாவரும் அறிவர்.

நம் முன்னோர் இக்குறையை அறியாதவரல்லர். வாணிபஞ் செய்த சமூகத்தார் பொதி மாடுகளோடும் வண்டிகளோடும் சென்ற இடங்களிலெல்லாம் பேட்டைகளை அமைத்தனர். சரக்குக்குக் காவலும், ஆளுக்குப் படுக்கையும், குடிக்க நீரும் அங்கே கிடைத்தன. விற்ற சரக்கின்மீது மகமை என்று சிறிது பணம் பிரித்து உறவின்முறையார் அவற்றை நடத்தினர். பிற்காலத்தில் அம்மகமைப் பணத்தால் கடைகளும் வீடுகளும் கட்டி, அவற்றின் வாடகையால் பள்ளிக்கூடங்களை வளர்த்தனர். பலர் சிறிது சிறிதாய்க் கொடுத்து, யாவர்க்கும் பொதுவாய் ஒரு கட்டடத்தை வைத்து, அதை விற்காமல் தலைமுறை தலைமுறையாய்ப் பேணுவது என்ற முறை நமக்குப் புதிதன்று. அதில் இருந்த குறை ஒன்றே: அது நம்மவர்க்கு மாத்திரம் ஆனது. இதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

பேட்டைக்குப் போகாதவர் கடல் கடந்தனர். திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஜில்லாக்களிலிருந்து ஏழைகள் பதினாயிரக்கணக்காய் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே தோட்டத்துரைகள் அவர்களுக்கு வீடு கொடுத்தனர். லயம் எனப்படும் அவ்வீடு, நீண்ட ஒரு கட்டடத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறையாம். வாடகை இல்லை, ஆனால் வேலை உள்ளவரையில்தான் வீடு. கூலி போதாதென்று கேட்டவன் வேலையை இழந்தால், அன்றே கூரையையும் இழந்தான். வேலை கொடுப்பவனே வீட்டையும் கொடுக்கும்போது தொழிலாளி வாய் திறக்க அஞ்சுவான் என்பதை அந்த லயங்கள் காட்டின.

இது பழங்கதையென்று நினைத்தல் வேண்டா. நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே, அம்பாசமுத்திரத்துக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டம் இருந்தது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்குப் பெறப்பட்ட நிலம் அது. குத்தகை முடிய நான்கு வருஷங்கள் இருக்கையில், 2024-ல் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்று மலையைவிட்டு இறங்கும்படி நேர்ந்தது. மூன்று நான்கு தலைமுறையாய் அங்கே பிறந்து வளர்ந்தவர்க்கு, லய வீட்டைத் தவிர வேறு வீடு எங்குமில்லை. முதலாளி கொடுக்கும் வீடு தொழில் நடக்கும்வரை நிழல். தொழில் நின்ற அன்று வெயில்.

நிற்க. முதலாளியை நம்பாமல் துரைத்தனத்தாரே வாடகை வீடு கட்டிய வரலாற்றை இனிப் பார்ப்போம். பருத்தி விளைவிக்கும் நமக்கு அவ்வரலாற்றில் சிறப்பான தொடர்பு உண்டு. 1896-ல் பம்பாயில் மகாமாரி தோன்றிப் பல்லாயிரவரைக் கொன்றது. நெருக்கமான வீடுகளே நோய்க்கு வித்தென்று கண்டு, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை அமைத்தனர். அது போதாமையால், 1920-ல் கவர்னர் ஜார்ஜ் லாயிட் பிரபு காலத்தில் அபிவிருத்தி இலாகா என்பதொன்றை ஏற்படுத்தி, ஆலைத் தொழிலாளருக்கு 50,000 ஒற்றையறை வீடுகள் கட்டத் திட்டமிட்டனர். அதற்காகப் பம்பாய் நகருக்குள் வரும் பஞ்சுப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரி விதித்தனர். பஞ்சை நூற்பவன் குடியிருக்க, பஞ்சே பணம் கொடுத்தது என்க.

ஆயினும் அத்திட்டம் நினைத்தவாறு நிறைவேறவில்லை. வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி என்னும் நான்கு இடங்களில் 207 கட்டடங்களும், அவற்றுள் சுமார் 16,500 அறைகளுமே எழுந்தன. காரணம் யாதெனில், முதல் உலக யுத்தம் முடிந்தபின் செங்கல்லும் சிமெண்டும் மிக ஏறியிருந்த காலத்தில், அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினர். கட்டி முடிந்தபோது விலைகள் இறங்கின. ஆலைத் தொழிலும் தளர்ந்தது. வட்டிக்கு ஈடான வாடகையைத் தொழிலாளியால் கொடுக்க முடியவில்லை. வாடகையைக் குறைத்தும் பல அறைகள் வெறுமையாய்க் கிடந்தன. வொர்லியிலிருந்த சில கட்டடங்கள் சத்தியாக்கிரகிகளை அடைத்து வைக்கும் சிறையாகவும் உபயோகப்பட்டன. ஆனாலும் அவ்வீடுகள் பிற்காலத்தில் நிரம்பி வழிந்தன. ஏறத்தாழ நூறு வருஷம் ஏழைத் தொழிலாளருக்கு நிழல் தந்தபின், இப்பொழுதுதான் இடித்துப் புதிதாய்க் கட்டப்பட்டு வருகின்றன. பத்து வருஷத்துக் கணக்கில் நஷ்டமாகத் தோன்றியது, நூறு வருஷத்துக் கணக்கில் லாபமாயிற்று.

அதே காலத்தில் ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரசபையார் வேறொரு வழியிற் சென்றனர். அவர்கள் 1923-ல் வீடுகட்டும் வரி ஒன்றை விதித்தனர். பெரிய மாளிகைக்கு மிக அதிகமாகவும், சிறிய வீட்டுக்கு மிகக் குறைவாகவும் அவ்வரி இருந்தது. கடன் வாங்காமல் வரிப்பணத்தாலேயே கட்டியதால் வட்டிப் பாரம் இல்லை; வாடகை பழுதுபார்க்கும் செலவுக்கு மாத்திரம் போதுமானதாயிருந்தது. 1919-க்கும் 1934-க்கும் இடையே 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றை அவர்கள் விற்கவில்லை. இன்றும் அந்நகரத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ நாலிலொன்று நகரசபை வீட்டில் வாடகைக்கு இருக்கின்றது. ஏழைகளோடு நடுத்தர வகுப்பாரும் அவற்றிற் குடியிருத்தலால், அவை இழிவென்று கருதப்படுவதில்லை.

இங்கிலாந்தோ கட்டியதை விற்ற தேசம். 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தொடங்கி, அங்குள்ள நகரசபைகள் லட்சக்கணக்கான வாடகை வீடுகளைக் கட்டின. 1980-ல் குடியிருப்போரே அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கலாமென்று சட்டம் செய்தனர். வாங்கியவர் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. சுமார் 20 லட்சம் வீடுகள் அவ்வாறு கைமாறின. விற்ற அளவுக்குப் புதியன கட்டப்படவில்லை. அவ்வீடுகளுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டன. ஒரு தலைமுறைக்குக் கொடுத்த பரிசு, அடுத்த தலைமுறையின் பங்கிலிருந்து எடுத்ததாய் முடிந்தது.

இனி நம் ராஜ்யத்துக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டணங்களில் வாடகை ஏறவே, சென்னை ராஜதானியில் வாடகைக் கட்டுப்பாடு ஏற்பட்டது. அது 1946-ல் சட்டமாயிற்று. 1949-லும் 1960-லும் புதிய சட்டங்கள் வந்தன. குடியிருப்போரைக் காரணமின்றித் துரத்தலாகாது, நியாய வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்பவை அவற்றின் சாரம். நோக்கம் நல்லதே. ஆனால் துரைத்தனத்தார் தம் பணத்தைச் செலவிடாமல், வீட்டுக்காரன் பணத்தைக்கொண்டே ஏழைக்கு உதவ முயன்றதன் பயன் வேறாயிற்று. பழைய வாடகையே வருகையில் வீட்டுக்காரன் பழுதுபார்க்கவில்லை. குடிவைத்தால் எழுப்ப முடியாதென்று அஞ்சியவன் வீட்டைப் பூட்டி வைத்தான். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், இந்தியாவின் நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாய்க் கிடந்தன. அப்பழைய சட்டத்தை நீக்கித் தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிந்துகொள்ள வேண்டுமென்றும், வாடகை ஒப்பந்தப்படி என்றும் அது கூறுகின்றது. இதனால் வீட்டுக்காரர் அச்சம் குறையலாம். ஏழையின் கூலிக்கு அடங்கும் வீடு இதனால் மாத்திரம் முளைத்துவிடாது.

சுதந்திரம் பெற்றபின் 1952-ல் மத்திய சர்க்கார் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டம் ஒன்றை வகுத்து, மாகாண சர்க்கார்களுக்கு மானியமும் கடனும் கொடுத்தது. சென்னையில் 1961-ல் வீட்டுவசதி வாரியமும், 1970-ல் குடிசை மாற்று வாரியமும் அமைந்தன. தொடக்கத்தில் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்கு வீடுகள் சொற்ப வாடகைக்கே விடப்பட்டன. வாடகை சரிவர வசூலாகவில்லை, வசூலாகாமையால் பழுதுபார்க்கவில்லை, பழுதுபார்க்காமையால் குடியிருப்போர் கொடுக்கவும் மனமற்றனர். பின்னர்த் தவணை முறையில் விற்பதே வழக்கமாயிற்று. விற்றபின் பொதுச் சுவருக்கும், மாடிப்படிக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் பொறுப்பாளி யார் என்பது விளங்காமற்போயிற்று. 2021 டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூரில் அவ்வாரியத்தின் ஒரு கட்டடம் இடிந்து 24 வீடுகள் மண்ணாயின. அபாயம் உணர்ந்து ஜனங்கள் முன்னரே வெளியேறினமையால் உயிர்ச்சேதமில்லை. கட்டுவது ஒருநாட் செலவு, காப்பது நாட்செலவு என்பதைக் கணக்கில் வையாததன் விளைவு இது.

இடத்தைப் பற்றிய பிழையும் ஒன்றுண்டு. 2000-ஆம் வருஷம் முதல் சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகரில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி, நகரத்து ஏழைகளைக் குடியேற்றினர். வீடு கிடைத்தது, வேலை நகரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் வண்டிக்கூலிக்கே சம்பாத்தியத்தைச் செலவிட நேர்ந்தது; சிலர் அவ்வீட்டை விட்டுப் பழைய இடத்துக்கே மீண்டனர். வேலைக்கு எட்டாத வீடு பாதி வீடே.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் தேசமெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, வேலையும் வாடகைப் பணமும் இல்லாமல் லட்சக்கணக்கானவர் சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர். அவ்வருஷம் ஜூலையில் மத்திய சர்க்கார் எளிய வாடகை வீட்டுத் தொகுதிகள் என்னும் திட்டத்தை அங்கீகரித்தது. சர்க்கார் பணத்தாற் கட்டி ஆளின்றிக் கிடந்த வீடுகளை வாடகைக்கு விடுதல் ஒரு வழி. தொழிற்சாலைகளருகே புதிதாய்க் கட்டுதல் மற்றொரு வழி. முதல் வழியில் திறக்கப்பட்டவை சில ஆயிரங்களே. இரண்டாம் வழியில் தமிழ்நாடு முன்னின்றது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதியைச் சிப்காட் நிறுவனத்தார் திறந்தனர். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். தென் ஜில்லாக்களிலிருந்து தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளம்பெண்களின் பெற்றோருக்கு இஃது ஆறுதலான செய்தியே. ஆனால் அங்கே இருப்பது ஒரு படுக்கை. அப்பெண் மணமுடித்துக் கணவனோடும் குழந்தையோடும் வாழ ஒரு வீடு வேண்டுமே. விடுதியோடு நின்றுவிடாமல் குடும்பத்துக்கான வாடகை வீடும் எழ வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

இனி ஆக்ஷேபங்களைக் கவனிப்போம். "ஏழைக்கு வாடகைப் பணத்தையே உதவியாய்க் கொடுத்துவிட்டால் போதாதா? வீடு ஏன் கட்ட வேண்டும்?" என்பர் சிலர். வீடுகள் காலியாய்க் கிடக்கும் ஊரில் இது பொருந்தும். வீடு அரிதான ஊரில் பத்துப்பேர் கையில் பணம் கொடுத்தால், வீட்டின் எண்ணிக்கை ஏறாது, வாடகைதான் ஏறும். ஆகவே நிலவரம் பார்த்துச் செய்தல் வேண்டும். காலி வீடு மிகுந்த காலத்தில் பண உதவியும், வீடு குறைந்த காலத்தில் கட்டடமும் தக்கன. தொழில் தளர்ந்து, செங்கல்லும் ஆட்கூலியும் இறங்கிய காலத்தில் தனியார் கட்டமாட்டார். துரைத்தனத்தார் கட்டத்தக்க காலம் அதுவே. பம்பாய் இலாகா இதற்கு மாறாகச் செய்து வருந்திற்று.

"சர்க்கார் வீடு வந்தால் எங்கள் வாடகை இறங்கிவிடுமே" என்று வீடு விடுவோர் அஞ்சுவர். உண்மையில் அவர்கள் குடிவைக்க விரும்பாதவர்க்கே சர்க்கார் வீடு பெரிதும் வேண்டியிருக்கின்றது. அன்றியும், வாடகையிற் சேமித்த பணத்தைத் தொழிலாளி கடைவீதியில்தான் செலவிடுவான். அக்கடைகள் யாருடையவை என்பதை நம்மவர் எண்ணிப் பார்க்க.

"சர்க்கார் வீடு பாழாய்ப்போகும்" என்பது மூன்றாவது ஆக்ஷேபம். இது மெய்யே. ஆனால் பாழானதற்குக் காரணம் அது வாடகை வீடாயிருந்தமையன்று. வாடகையை வாங்கிப் பழுதுபார்ப்பவர் இல்லாமையே. நம் உறவின்முறைக் கட்டடங்கள் நிலைத்து நிற்கின்றன; மாதந்தோறும் வாடகை வாங்குவதற்கும், வருஷந்தோறும் சுண்ணாம்பு அடிப்பதற்கும், கணக்குக் காட்டுவதற்கும் ஆள் உண்டு. அவ்வொழுங்கு சர்க்கார் வீட்டுக்கும் வேண்டும்.

முன்னர்க் கூறாது விட்ட குறையை இப்பொழுது கூறுவோம். எம் தந்தையாருக்குக் கோவில்பட்டியில் எட்டு வீடுகளுள்ள வளவு ஒன்று இருந்தது. ஆலை நன்றாய் ஓடிய வருஷங்களில் வாடகையை ஏற்றினோம். ஒருநாள் மழைநேரத்தில், தீப்பெட்டி ஒட்டும் வேலை செய்யும் ஒரு குடும்பத்தார் வந்து வீடு கேட்டனர், முன்பணமும் கொண்டுவந்திருந்தனர். ஓலைக்குடிசையில் ஒழுகி, ஒட்டிய பெட்டியெல்லாம் நனைந்து கூலி போயிற்று என்று அவ்வம்மையார் சொன்னார். எம் தந்தையார் வாடகையைப் பற்றிப் பேசவில்லை. "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டார். மறுமொழியைக் கேட்டபின், "வீடு முன்னரே சொல்லி வைத்தாயிற்று" என்றார். அவ்வீடு அதன்பின் நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. திண்ணையில் நின்றுகொண்டிருந்த சிறுவனாகிய யாம் அதைக் கண்டோம், இன்றளவும் மறந்தோமில்லை. அவர் கொடியவரல்லர்; ஊர் வழக்கத்தை நடத்தினார். நம்மில் எத்தனை பேர் இன்றும் அக்கேள்வியைக் கேட்டுவருகின்றனர் என்பதை அவரவர் மனச்சாட்சியே அறியும். சென்னையிலும் பம்பாயிலும் வீடு தேடிச் சென்ற நம் பிள்ளைகளிடம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டபோது, நாம் அதை அநீதி என்றோமல்லவா?

பணத்தால் மாத்திரம் வீடு கிடைப்பதில்லை. பணம் இருந்தும் வீடு கிடையாதவர்க்குப் பேட்டையும் உதவாது, வளவும் உதவாது. சாதி கேளாமல், மதம் கேளாமல், முதலாளி தயவு கேளாமல், வாடகை ஒன்றையே கேட்கும் வீடு யாவர்க்கும் பொதுவான துரைத்தனத்தாரால்தான் இயலும். பொதுப்பணம் செலவிட வேண்டுமென்பதற்கு எமக்கு மிக வலியதாய்த் தோன்றும் காரணம் இதுவே.

ஆகவே நம் சங்கத்தார் செய்யத்தக்கன இரண்டு. கோவில்பட்டி போன்ற தொழிலூர்களில் ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அருகே விற்காத வாடகை வீடுகளைக் கட்டிப் பேணும்படி, அடுத்த மகாசபையில் தீர்மானம் செய்து சர்க்காருக்கு அனுப்புவது ஒன்று. சர்க்கார் செய்யுமளவும் காத்திராமல், நம் மகமைக் கட்டடங்களில் காலியாய்க் கிடக்கும் வீடுகளை, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வியின்றி வேண்டுவோர்க்கு விடுவது மற்றொன்று. முதலாவதற்குப் பெரும்பணமும் காலமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சாவி போதும். அன்பர்கள் சிந்திப்பார்களாக.